பழைய ராலே சைக்கிளுக்கு பவுடர் கோட்டிங் போடலாமா, இருக்கிற பெயிண்டையே காப்பாத்தலாமா?

டர்பன்ல சாட்ஸ்வொர்த்ல எங்க வீட்டு கராஜ்ல ரெண்டு கறுப்பு ராலே பக்கத்துல பக்கத்துல நிக்குது. ஒண்ணு தாத்தாவோடது, குடும்பம் கேட்டோ மேனர்ல இருந்தப்ப வாங்கினது, அபார்ட்ஹைட் அரசாங்கம் அங்கேர்ந்து எல்லாரையும் கிளப்பி இங்க அனுப்பினப்ப சாமான் சட்டியோட சேந்து வந்தது. பின் வீல் நடுவுல கியர் உள்ளயே இருக்கிற ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்ல AW-ங்கற மாடல் பேருக்குப் பக்கத்துல 62 7 ன்னு குத்தியிருக்கும், அதாவது 1962 ஜூலைல செஞ்ச ஹப். இன்னொண்ணு சின்ன மாமா குடுத்தது, வருஷம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். மாமாவோடதை பவுடர் கோட்டிங் குடுத்துட்டேன், தாத்தாவோடதுல பழைய பெயிண்டை அப்படியே வச்சுக்கிட்டேன். ரெண்டையும் ஞாயித்துக்கிழமை காலைல டர்பன் பீச் ப்ரோமனேட்ல மாத்தி மாத்தி ஓட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. அதனால ரெண்டையும் வச்சே பேசுறேன்.

பார்க்க எது அழகுன்னு கேட்டா முதல் நாள் பவுடர் கோட்டிங்தான், அதுல சந்தேகமே இல்ல. அடுப்புல 180, 200 டிகிரில உருகி ஒட்டுற பூச்சு அது, ஒரு சொட்டு ஓடாம ஒரே சீரா வரும், கல்லு பட்டாலும் லேசுல உரியாது. பிரேம் பித்தளை வச்சு பத்த வச்சது, அது இந்த சூட்டுக்கெல்லாம் அசையாது, அந்த பயமும் வேண்டாம். ஸ்பிரே டப்பால நாமளே அடிக்கிறதோட ஒப்பிட்டா இது எவ்வளவோ மேல். டப்பா பெயிண்ட் ரொம்ப நாள் மெத்துன்னே இருக்கும், நகம் பட்டாலே கீறல் விழும், அதுவும் ஜனவரி புழுக்கத்துல அடிச்சா வெளுத்துப் போயிரும். கெட்டிப் பெயிண்ட் வேணும்னு ரெண்டு பாகம் கலந்து அடிக்கிற 2K-வை மூடின கராஜ்ல மட்டும் அடிக்காதீங்க, அதுல இருக்கிற ஐசோசயனேட் மூச்சுக்குழலை நாசம் பண்ணிரும், சாதாரண மாஸ்க் அதுக்குப் பத்தாது.

பவுடர் கோட்டிங்குக்கு முன்னாடி பிரேமை மணல் பீய்ச்சி வெறும் இரும்பாக்குவாங்க. அதுல போன சங்கதிகள்தான் எனக்கு இன்னமும் மனசுல உறுத்துது. மாமா சைக்கிள்ல சீட் டியூப்ல ஒரு பழைய ஸ்டிக்கர் பாதி எழுத்தோட இருந்துச்சு, தங்கக் கலர் கோடு இருந்துச்சு, எல்லாமே போச்சு. முன்னாடி இருக்கிற நாரை பேட்ஜை நான் முன்கூட்டியே கழட்டி வச்சதால அது தப்பிச்சது. பெடல் அச்சு போற ஓட்டையோட மரையை அந்தக் கடைக்காரங்க அடைக்காம விட்டுட்டாங்க, உள்ளே மணலும் பவுடரும் புகுந்து பேரிங் உக்கார்ற கப் ஏறவே இல்ல. ராலே மரை மத்த சைக்கிள் மாதிரி இஞ்சுக்கு 24 சுத்து இல்ல, 26. சாதாரண சைக்கிள் கடைல இருக்கிற டேப்பை, அதாவது மரை வெட்டுற கருவியை, விட்டா மரை அழிஞ்சிரும். ஒரு பழைய கப்ல நாலு வெட்டு வெட்டி அதையே டேப் மாதிரி ஓட்டி ஓட்டி சுத்தம் பண்ணேன், ரெண்டு சாயங்காலம் அதுக்கே போச்சு. நீங்க குடுக்கிறதா இருந்தா பழைய கப்பை மாட்டியே குடுங்க, மேல ஸ்டியரிங் கப்புக்கும் இதேதான்.

சரி, இதெல்லாம் ஒரு தடவை படுற பாடு. நான் முடிவு பண்ணது பராமரிப்பை வச்சு.

ப்ரோமனேட்ல ஓட்டினா கடல் சாரல் மேல விழத்தான் செய்யும். உப்பு எங்க சின்ன வாசல் கிடைச்சாலும் உள்ள போகும். பவுடர் கோட்ல அந்த வாசலை நாமளேதான் திறந்து விடுறோம், எப்படின்னா பின் வீல் நட்டை இறுக்கும்போது வாஷருக்கு அடில பூச்சு நசுங்கி விண்டு போகுது, ப்ரேக் கிளாம்ப் கடிக்கிற இடத்துலயும் அப்படித்தான், பஞ்சர் ஆனப்ப எல்லாம் வீலைக் கழட்டி மாட்டுறோம் இல்லையா, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் விண்டுக்கும். அதுக்குள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவுல ஊர்ந்து போகும். வெளிய பார்த்தா பளபளன்னு இருக்கும். போன மார்ச்ல துணியால துடைச்சுக்கிட்டே வந்தப்ப வீல் மாட்டுற இடத்துக்குப் பக்கத்துல லேசா ஒரு கொப்புளம் தெரிஞ்சது, நகத்தால தூக்கினா வாழைப்பட்டை மாதிரி ரெண்டு விரல் நீளத்துக்கு உரிஞ்சு வந்துச்சு, அடில செக்கச்செவேர்னு துரு. அதை ஒட்டுப் போட முடியாது. மேல பிரஷ்ஷால பூசினா ஓரம் திட்டாத் தெரியும், உள்ள ஊர்ந்தது நிக்கவும் நிக்காது. முழுசா சரி பண்ணணும்னா மறுபடி மணல், மறுபடி அடுப்பு.

தாத்தா சைக்கிள்ல துரு வராமலா இருக்கு, வருது. ஆனா வந்த அன்னைக்கே கண்ணுக்குத் தெரியும், பத்து நிமிஷ வேலை. பழைய எனாமல் மெல்லிசு, அதனால அடில ஒளிஞ்சுக்க இடம் இல்ல. ஆரம்பத்துல பண்ணதும் பெரிய வித்தை இல்ல, குழந்தைங்க குளிக்கிற பிளாஸ்டிக் குளம் ஒண்ணுல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, பத்து லிட்டருக்கு நூறு கிராம் கணக்குல ஆக்சாலிக் ஆசிட் போட்டு, ஒரு ராத்திரி பிரேமை ஊற வச்சேன். காலைல துரு கரைஞ்சு போயிருந்துச்சு, கறுப்பும் கோடும் இருந்துச்சு. கையுறை கண்டிப்பா போடுங்க, அது விஷம், பிள்ளைங்க பக்கம் வரக்கூடாது. எடுத்ததும் ஆப்பசோடா கலந்த தண்ணில கழுவி உடனே காய வைக்கணும், ரொம்ப நாள் ஊற விட்டா மஞ்சப் படலம் பிடிக்கும். அலுமினிய சாமானை உள்ள போடாதீங்க. கலர் ராலேயா இருந்தா ஒரு மூலைல பரீட்சை பண்ணிட்டு இறங்குங்க.

பக்கத்து வீட்டு அண்ணா, "தம்பி, ஆசிட் எதுக்கு, நம்ம ஊர்ல மொலாசஸ்க்கா பஞ்சம்"னாரு. மொலாசஸ்னா சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுற கரும்புப் பாகு. உண்மைதான், நம்ம முன்னோர் 1860ல கரும்புக்குத்தான் இந்த நட்டாலுக்கு வந்தாங்க, மாட்டுத் தீவனக் கடைல மொலாசஸ் இன்னைக்கும் கிடைக்குது. ஒரு பங்குக்கு ஒம்பது பங்கு தண்ணி ஊத்தி கோட்டர் பின் (பெடல் கையை அச்சோட பிடிக்கிற ஆணி), நட்டு, போல்ட்டு எல்லாம் போட்டு ரெண்டு வாரம் விட்டேன். அருமையா வந்துச்சு. ஆனா அந்த புளிச்ச வாடைக்கு அண்ணி கராஜ் பக்கமே வரல. பெயிண்ட் இருக்கிற பிரேமை அதுல நான் போட்டுப் பார்க்கல, சின்ன சாமானுக்கு மட்டும் சொல்றேன்.

இப்ப மாசம் ஒருக்கா தாத்தா சைக்கிளை நல்ல தண்ணில துடைச்சு, எங்கயாச்சும் செம்புள்ளி தெரிஞ்சா ஆசிட் நனைச்ச துணியை அது மேல வச்சு, கழுவி, காய வச்சு, கறுப்பு எனாமலை மெல்லிய பிரஷ்ஷால தொட்டு, மேல வாக்ஸ். கறுப்புங்கறதால ஒட்டுப் போட்டதே தெரியல, வேற கலரா இருந்தா இவ்வளவு சுலபமா சொல்லிருக்க மாட்டேன். குழாய்க்கு உள்பக்கம் ரெண்டு முறைலயும் பூச்சு கிடையாது, அதனால ரெண்டுக்குமே கடைல 'பாய்ல்டு லின்சீட் ஆயில்'னு விக்கிற ஆளிவிதை எண்ணெயை உள்ள ஊத்தி உருட்டி வடிச்சேன். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானா தீப்பிடிக்கும், தண்ணில முக்கி வெளிய விரிச்சு காய விடுங்க.

பவுடர் கோட்டிங்கே வேண்டாம்னு சொல்லல. பெயிண்ட் முக்காவாசி போயிட்ட பிரேமுக்கு வேற என்ன பண்றது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் காத்துல உப்பு கிடையாது, அங்க இருக்கிறவங்களுக்கு என் கதை பொருந்தாமலும் போகலாம். எங்க மாதிரி கடலோரமா இருந்தா அடில துத்தநாக பிரைமர் கேட்டு வாங்குங்க, நான் கேக்கல, கேட்டிருந்தா அந்தக் கொப்புளம் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காதுன்னு தோணுது.

ஜூலைல இங்க மழை குறைவு, காத்தும் காஞ்சு இருக்கும், பெயிண்ட் வேலைக்கு அதான் மாசம். மாமா சைக்கிளோட பின்பக்கத்தை மட்டும் சுரண்டி எடுத்து பிரைமரும் எனாமலும் கையாலயே அடிக்கலாம்னு இருக்கேன். திட்டாத் தெரியட்டும், பரவால்ல, அடுத்த தடவை துரு வந்தா என் கண்ணுக்குப் படும்.