கனரக லைசன் மருத்துவத்தில் மறிபட்டால் எந்தக் காப்புறுதி காசு தரும்?

கல்முனை–கொழும்பு இரவு பஸ் ஓட்டுபவருக்கும் மட்டக்களப்பில் மணல் டிப்பர் ஓட்டுபவருக்கும் வண்டி பழுதானால் இன்னொரு வண்டி கிடைக்கும். லைசன் போனால் உழைப்பே நின்றுவிடும். கனரக அனுமதிப்பத்திரத்தை நாலு வருடத்துக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழோடு புதுப்பிக்க வேண்டும். சீனி வருத்தம் விழித்திரையைக் கெடுத்திருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ மறிபடுவது அங்கேதான்.

இந்த இழப்புக்கென்றே விமானிகளுக்கு ஒரு காப்புறுதி உண்டு. மருத்துவத் தகுதி பறிபோனது என்ற முடிவை வைத்தே கோரலாம். வழக்கமாகச் சில மாதக் காத்திருப்புக்குப் பிறகு மாதப் பணம் வரும். நிரந்தரமாகப் போனால் மொத்தத் தொகை. நம்மூர்ச் சாரதியிடம் முகவர் கொண்டுவருவதோ ஆயுள் காப்புறுதியும் அதோடு ஒட்டிய மேலதிக நன்மைகளும்தான். அவற்றில் எதுவும் லைசனைப் பார்ப்பதில்லை. உடம்பைத்தான் பார்க்கிறது.

முழு நிரந்தர இயலாமை நன்மையைக் கவனமாக வாசியுங்கள். "எந்தத் தொழிலும் செய்ய முடியாத நிலை" என்று இருந்தால், பஸ் ஓட்டப் போதாத பார்வையோடு கடையில் இருந்து கணக்குப் பார்க்கக்கூடியவருக்குச் சதமும் வராது. "தன் தொழிலைச் செய்ய முடியாத நிலை" என்று இருந்தால்தான் சாரதிக்குப் பயன். அப்போதும் இயலாமை ஆறு மாதம் தொடர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பரவலாக உண்டு. அந்த ஆறு மாதம் வீட்டுச் செலவுக்கு வேறு வழி வேண்டும்.

பாரிய நோய் நன்மை வேறு மாதிரி. மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு எனப் பட்டியலில் உள்ள நோய் உறுதியானால் மொத்தத் தொகை. என்ன தொழில் என்று கேட்பதில்லை. சாரதிக்கு முதலில் எடுக்க வேண்டியது இதுதான் என்பது எங்கள் கருத்து. குறை, சீனியால் வரும் விழித்திரைப் பாதிப்பு அநேகமாகப் பட்டியலில் இருக்காது. முதல் 90 நாளில் வரும் நோய்க்கும் பொதுவாகப் பணம் இல்லை.

ஆஸ்பத்திரி நாள்கொடுப்பனவு மலிவு. நாளுக்கு 3,000 ரூபாய் என்றால், ஐந்து நாள் வார்டில் இருந்தால் 15,000. வீட்டுக்கு வந்த பிறகு வேலையில்லாமல் இருக்கும் மாதங்களுக்கு அதில் ஒன்றுமில்லை. வருமானக் காப்பு என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

சட்டப்படி வருவதும் உண்டு. சேமலாப நிதிக்கு உங்கள் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் போகிறதா என்று இப்போதே பாருங்கள். நிரந்தர முழு இயலாமைக்கு மருத்துவச் சான்று இருந்தால் 55 வயதுக்கு முன்பும் அதை எடுக்கலாம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வேலையை விடும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரும். தொழிலாளர் நட்டஈடு வேலையால் வந்த காயத்துக்கும் தொழில்சார் நோய்க்கும்தான். சாதாரணச் சீனிக்கும் பிரஷருக்கும் கிடைக்காது.

கோரிக்கைகள் அதிகம் உடைவது, காப்புறுதி எடுக்க முதலில் நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில். "சீனி இருக்கா?" என்ற கேள்விக்கு முகவர் தானே "இல்லை" என்று புள்ளடி போட்டுவிடுவார். பிறகு நிறுவனம் கிளினிக் கொப்பியைக் கேட்கும். அதன் முதல் பக்கத்துத் திகதி காப்புறுதி எடுத்த நாளுக்கு முந்தியதாக இருந்தால் பணம் மறுக்கப்படும். உள்ளதைச் சொன்னால் கட்டுப்பணம் கூடலாம், அந்த நோயை விலக்கியும் எழுதலாம். ஆனால் விலக்காத நோய்களுக்கான காப்பு கையில் நிற்கும். படிவத்தை நீங்களே நிரப்பி, கையொப்பம் வைக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.