ஸ்போக் கம்பிச் சக்கரத்துடன் ஒன்பது ஆண்டுகள்

ஒன்பது ஆண்டுகளாக ஒரே மோட்டார் சைக்கிளை ஓட்டி வருகிறேன். முன்னும் பின்னும் 36 ஸ்போக் கம்பிகள் கொண்ட சக்கரங்கள், ட்யூப் வைத்த டயர்கள். இதுவரை ஏறத்தாழ 64,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயில் மாற்றுவதையும் செயின் இறுக்குவதையும் தவறாமல் செய்துவந்த நான், முதல் நான்கு ஆண்டுகள் அந்தக் கம்பிகளைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

26,000 கிலோமீட்டரைத் தாண்டிய சமயத்தில், பின் சக்கரத்தில் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல்சக்கரம்) இருக்கும் பக்கம் ஒரு கம்பி முறிந்தது. ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) துளைக்குள் நுழைந்து வளையும் கழுத்தில்தான் முறிவு. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்: பாதிக்கு மேல் கறுத்து வழவழப்பாக இருந்தது, ஓரத்தில் சிறு பகுதி மட்டும் புதிதாக மின்னிச் சொரசொரப்பாக இருந்தது. அதாவது விரிசல் வெகு நாள்களுக்கு முன்பே விழுந்து மெல்ல வளர்ந்திருக்கிறது. அன்றைக்கு முறிந்தது அந்த மின்னும் துண்டு மட்டுமே. பட்டறையில் அந்த ஒரு கம்பியை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் அதே பக்கத்தில் மேலும் மூன்று முறிந்தன.

பாரம் தாங்காமல்தான் முறிகின்றன என்று நான் எண்ணியிருந்தது தவறு. சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு நேராக வரும் கம்பியில் இழுவிசை சற்றுக் குறைகிறது. சக்கரம் உருண்டு அது மேலே போகும்போது இழுவிசை திரும்புகிறது. சரியாக இறுகிய கம்பியில் இந்த ஏற்ற இறக்கத்திற்கு இடையிலும் இழுவிசை முற்றிலும் போய்விடாது. தளர்ந்த கம்பியோ ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து, பிறகு வெடுக்கென்று இழுபட்டு, கழுத்தில் களைத்துப் போகிறது. அது தாங்காத பங்கையும் பக்கத்துக் கம்பிகள் சேர்த்துச் சுமக்கின்றன. ஆகவே ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து முறியத் தொடங்கினால், முழு செட்டையும் மாற்றுவதே சரி என்பது என் தீர்மானமான கருத்து.

28,000 கிலோமீட்டரில் அப்படித்தான் செய்தேன். பிரிப்பதற்கு முன்பு, கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிடும் விதத்தைப் படம் எடுத்துக்கொண்டு, ஹப்பின் ஓரத்திலிருந்து ரிம்மின் ஓரம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் அளந்து குறித்துவைத்தேன். ரிம் ஹப்புக்குச் சரி நடுவில்தான் இருக்கும் என்று எல்லா வண்டியிலும் சொல்ல முடியாது என்பதால் இந்த அளவு மிக முக்கியம். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும், அவற்றை ரிம்மில் பிடித்து இறுக்கும் சிறு மரைக் குமிழ்களான நிப்பிள்களில் நிக்கல் பூசிய பித்தளையாலானவற்றையும் தேர்ந்தெடுத்தேன். இரண்டுமே துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் மரைகள் கவ்விப் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த கம்பி நுனிகளை அரத்தால் ராவி, கம்பி நுனிகள் ட்யூபைக் குத்தாமல் காக்கும் பட்டையான ரிம் டேப்பைப் புதிதாகப் போட்ட பிறகே ட்யூபை வைத்தோம்.

புதிய கம்பிகள் தம் இடத்தில் அமர்ந்து படியும்போது சற்றுத் தளரும். 100 கிலோமீட்டரிலும் 500 கிலோமீட்டரிலும் சோதித்தபோது, இரண்டு முறையும் சில கம்பிகளை இறுக்க வேண்டியிருந்தது. இப்போது 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, சிறிய ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்க்கிறேன். இறுகிய கம்பி ‘ணங்’ என்று ஒலிக்கும். தளர்ந்தது ‘டொக்’ என்று அடங்கிவிடும். காது பழகிய பிறகு இந்த வேலைக்குப் பத்து நிமிடம் போதும். பிறகு ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) ஒரு கம்பித் துண்டைக் கட்டி, அதன் நுனி ரிம்மை உரசாமல் மயிரிழையில் நிற்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால், கோட்டம் எங்கே, எவ்வளவு என்பது கண்ணுக்கே தெரியும். பல சர்வீஸ் கையேடுகள் 2 மில்லிமீட்டரை எல்லையாகச் சொல்கின்றன. நான் 1 மில்லிமீட்டரைத் தாண்ட விடுவதில்லை.

இறுக்கும்போது ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். டயர் பக்கத்திலிருந்து பார்த்தால் நிப்பிள் வலஞ்சுழியாக இறுகும். ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவே இடஞ்சுழியாகத் தெரியும். பலர் இறுக்குவதாக எண்ணித் தளர்த்திவிடுவது இதனால்தான். நிப்பிளுக்கு அளவான ஸ்போக் சாவி இல்லாமல் கொறடு போட்டால் நிப்பிளின் முனைகள் மழுங்கிவிடும். துருப்பிடித்து இறுகிய நிப்பிளுக்கு முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டுவைப்பது நல்லது. ரிம் மேலும் கீழுமாகக் குதிக்கிறது என்றாலோ, ஏழெட்டுக் கம்பிகள் ஒன்றாகத் தளர்ந்திருந்தாலோ, நான் சாவியைக் கீழே வைத்துவிட்டு அனுபவமுள்ளவரிடம் கொண்டுபோகிறேன்.

மாற்றிய பிறகு ஓடிய 36,000 கிலோமீட்டரில் பின் சக்கரத்தில் ஒரு கம்பிகூட முறியவில்லை. முன் சக்கரத்தில் இன்னும் பழைய கம்பிகளே இருக்கின்றன. அவற்றில் இரண்டின் கழுத்தில் துரு அரிக்கத் தொடங்கியிருப்பதால், டயரைக் கழற்றி அந்தச் செட்டையும் இந்த மாதமே மாற்றவிருக்கிறேன்.