மத்திய அலையில் திருச்சி வானொலி: ஒரு நெடுநாள் நேயரின் அனுபவம்

என் பழைய டிரான்சிஸ்டரின் பேண்டு சுவிட்ச் பழுதாகி, அதைச் சரிசெய்து வாங்கி வந்ததை அறிந்த நண்பர் ஒருவர், கைபேசிச் செயலியிலேயே ஆகாசவாணி கிடைக்கும்போது தானும் ஒரு ரேடியோ வாங்குவதில் பயன் உண்டா என்று கேட்டார். கும்பகோணத்தில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக மத்திய அலையில், அதாவது மீடியம் வேவில், 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி நிலையத்தைக் கேட்டு வருபவன் என்ற முறையில் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்.இ.டி. விளக்கைப் போட்டாலும், கைபேசியைச் சார்ஜில் செருகினாலும், செய்தி வாசிப்பவரின் குரல்மீது கரகரவென்று ஓர் இரைச்சல் வந்து படிந்துவிடுகிறது. நிலையத்தின்மீதோ செட்டின்மீதோ குற்றமில்லை. மலிவான மின்சுற்றுகள் கக்கும் அலைகள் மத்திய அலைவரிசையிலேயே வந்து விழுகின்றன. செட்டுக்குள் நீளவாக்கில் கிடக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் தண்டுதான் ஏரியல். அது தன் பக்கவாட்டில் வரும் அலைகளையே நன்றாக வாங்கும் என்பதால், செட்டை வடக்கு தெற்காக வைத்தால் மேற்கே இருக்கும் திருச்சி நன்றாக எடுக்கும். ஆனால் இரைச்சல் வரும் திசையும் அதுவாகவே இருந்துவிட்டால் எப்படித் திருப்பினாலும் பலனில்லை. நல்ல கச்சேரி ஒன்று இப்படிப் பாழாகும்போது வருகிற கோபம் எளிதில் அடங்குவதில்லை.

இத்தனைக்கும் இந்த ஒலி நம்மை வந்தடைந்த பாதை சாதாரணமானதல்ல. 1927 ஜூலை 23 அன்று பம்பாயிலும், அடுத்த மாதம் கல்கத்தாவிலும் ஒலிபரப்பைத் தொடங்கிய இந்திய ஒலிபரப்புக் கம்பெனியிடம் இருந்தவை தலா ஒன்றரை கிலோவாட் டிரான்ஸ்மிட்டர்கள்தாம். ரேடியோ வைத்திருப்பவர்கள் கட்டிய உரிமக் கட்டணத்தை நம்பி நடந்த அந்தத் தனியார் நிறுவனம் மூன்றாண்டுகூடத் தாக்குப்பிடிக்காமல் 1930இல் மூடப்பட, அரசு அதை ஏற்று நடத்தி, 1936 ஜூன் 8 முதல் அகில இந்திய வானொலி என்று பெயரிட்டது. திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று வந்தது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்குக்குக் கிடைத்த ஆறே நிலையங்களில் சென்னையும் திருச்சியுமாக இரண்டு நம்முடையவை. பின்னாளில் திருச்சிக்கு வாய்த்த 100 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் அந்தப் பம்பாய் டிரான்ஸ்மிட்டரைப்போல் அறுபது மடங்குக்கும் மேற்பட்ட திறன் கொண்டது. அந்த வீச்சு டெல்டாவின் வயல்வரை சென்றது. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பயிரிடும் முறையைத் திருச்சி வானொலி விடாமல் எடுத்துச் சொன்னதால், விவசாயிகள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு ஒலிபரப்பு நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய விருது எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பண்பலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பம்பாய் நிலையம் தொடங்கிச் சரியாக ஐம்பதாவது ஆண்டில், 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு ஆரம்பமானது. ஒலித்தரத்தில் மத்திய அலை அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆயினும் பண்பலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவது. மத்திய அலையோ தரையைத் தழுவிக்கொண்டு வெகுதூரம் போகும்.

நான் எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்றும் உண்டு. மின்சாரம் போனால் தெருவிலுள்ள அத்தனை விளக்குகளும் சார்ஜர்களும் ஒன்றாக ஓய்ந்து, திருச்சி பளிச்சென்று ஒலிக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது, மின்கம்பங்கள் சாய்ந்து கைபேசிக் கோபுரங்களும் செயலிழந்த ஊர்களில் பேட்டரியில் ஓடும் ரேடியோவின் அருமை நன்றாகவே தெரிந்தது. எந்தச் செயலியாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், அடுக்ககத்தில் குடியிருக்கும் அந்த நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றே பதில் எழுதினேன். நாள்தோறும் அவர் கேட்கப்போவது பெரும்பாலும் இரைச்சலைத்தான். அதற்குச் செயலியே மேல். என்னுடைய செட்டின் ஒலிபெருக்கி போனால் அதையும் மாற்றிவிட்டு நான் தொடர்ந்து கேட்பேன்.