மாடிக்கு வைஃபை: மெஷ் பெட்டியா, கேபிளா?

எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு கீழே ஹாலோடு நின்றுவிடுகிறது. இணைப்பு கொடுக்க வருபவர்கள் வாசல் பக்கமிருந்து கம்பியை இழுத்து, டிவிக்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தனி வீடுகள் பலவற்றில் இதுதான் நடக்கிறது. நான் வேலை பார்க்கும் அறை மாடியில், பின்பக்கம். நடுவில் ஒரு கான்கிரீட் தளம், இரண்டு செங்கல் சுவர், ஒரு இரும்பு பீரோ. அந்த அறையில் போனில் சிக்னலை அளந்தால் மைனஸ் 80 டிபிஎம் அளவில்தான் நிற்கும் (டிபிஎம் சிக்னல் வலுவின் அளவு; பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு வலு). வீடியோ கால் திக்காமல் ஓட மைனஸ் 67-க்குக் கீழே போகக் கூடாது என்பது பொதுவான கணக்கு.

இதைச் சரிசெய்யக் கடையில் நான்கு வழி சொல்வார்கள்: எக்ஸ்டெண்டர், பவர்லைன், மெஷ், கேபிள் இழுத்து மாடியில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாக ஒலிபரப்பும் பெட்டி). நான் கேபிள்தான் இழுத்தேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்டெண்டரை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். விலை குறைவு, சுவரில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் விலை குறைந்தவை ஒரே ரேடியோவில் ரௌட்டரிடமிருந்து வாங்கி, அதே ரேடியோவில் உங்கள் லேப்டாப்புக்குக் கொடுக்கின்றன. வேகம் சுமார் பாதியாகிவிடும். சிக்னல் செத்துப்போன அறையிலேயே அதைச் செருகினால் அந்தச் செத்த சிக்னலைத்தான் திருப்பி ஒலிபரப்பும். பாதி வழியில் வைத்தால்தான் பலன். படம் பார்க்கப் போதும். நாள் முழுக்க மீட்டிங் இருப்பவருக்கு ஆகாது.

பவர்லைன் என்பது வீட்டு மின்கம்பி வழியாகவே டேட்டாவை அனுப்பும் முறை. இதை ஒரு நண்பர் வீட்டில் மட்டும்தான் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். நம் ஊர் வீடுகளில் இரண்டு சிக்கல் உண்டு. த்ரீ ஃபேஸ் இணைப்பில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி வேறொரு ஃபேஸிலும் இருந்தால் சிக்னல் தாண்டுவது சிரமம். ஒரு முனை இன்வர்ட்டர் லைனிலும் மறு முனை நேரடி லைனிலும் மாட்டிக்கொண்டாலும் அதே தொல்லை. வாங்குவதாக இருந்தால் திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

மீதி இரண்டுதான் உண்மையான போட்டி.

மெஷ் நல்ல பொருள், அதில் சந்தேகமே இல்லை. இரண்டு அல்லது மூன்று பெட்டிகள், போனில் ஒரு ஆப், அரை மணி நேரத்தில் வீடு முழுக்க ஒரே பெயரில் வைஃபை. பேசிக்கொண்டே ஹாலில் இருந்து மாடிக்குப் போனாலும் போன் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பெரும்பாலும் தெரியாது. விருந்தாளி நெட்வொர்க், பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு எல்லாம் அந்த ஆப்பிலேயே இருக்கும். கணினி பற்றி எதுவும் தெரிந்துகொள்ள விரும்பாத அப்பா அம்மா வீட்டுக்கு இதைவிட எளிதாக ஒன்றைச் சொல்ல முடியாது.

ஆனால் பெட்டிகள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். இரட்டை பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை) மெஷ்ஷில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்றுதான் உங்கள் போனுக்கும் பெட்டிகளின் உரையாடலுக்கும் பொது. மூன்று பேண்ட் பெட்டியில் பெரும்பாலும் அந்த உரையாடலுக்கென்று தனி ரேடியோ இருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். எதுவாக இருந்தாலும் அந்த அலை உங்கள் கான்கிரீட் தளத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட்டிடம் சீக்கிரம் தோற்றுவிடும். ஒரே தளத்தில் விரிந்திருக்கும் அப்பார்ட்மென்டுக்கு மெஷ் ஒத்துப்போகிற அளவுக்கு மாடி வீட்டுக்கு ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். வைஃபை 7 மெஷ் பெட்டிகள் ஒரே நேரத்தில் பல பேண்டுகளில் பேசும். அவற்றை நான் வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்ததில்லை என்பதால் இந்தக் குறை அவற்றில் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்ற பேச்சுக்கு நான் போகவில்லை.

ஒரு சோதனை எல்லாருக்கும் பயன்படும். லேப்டாப்பில் கமாண்ட் விண்டோவைத் திறந்து பிங் கட்டளையை உங்கள் ரௌட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, ஓட்டுங்கள். ஒரு சின்னத் தகவல் ரௌட்டருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று அது காட்டும். இணைய நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வீட்டுக்குள் மட்டும் அளக்கிறது. கேபிளில் ஒரு மில்லி செகண்ட், அதற்கும் குறைவு என்று வரிசையாக வரும். மாடி அறையில் பழைய வைஃபையில் 4, 9, 120, 6, 85 என்று குதித்துக்கொண்டிருந்தது. வீடியோ காலில் குரல் உடைவது இந்தக் குதிப்பால்தான். 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்கினாலும் இது மாறாது. பிளானை உயர்த்தும் முன் இதைச் செய்து பாருங்கள், மாதக் காசு மிச்சமாகும்.

சரி, கேபிளுக்கு வருவோம். வேகமும் நிலைத்தன்மையும் கேபிளில் அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னை முடிவு செய்ய வைத்தது வேறு: ஆறேழு வருடம் கழித்து எதைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும் என்ற கேள்வி.

கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் வகையின் தரம் வரையறுக்கப்பட்டது 2002-ல். அதற்குப் பிறகு வைஃபையில் எத்தனை தலைமுறை வந்து போய்விட்டது. 2013-ல் வைஃபை 5, 2019-ல் வைஃபை 6 சான்றிதழ், 2024-ல் வைஃபை 7. ஒவ்வொன்றுக்கும் பெட்டி மாறியது. சுவருக்குள் இருக்கும் கம்பி மாறவில்லை. 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாராளமாகப் போகும். 2016-ல் வந்த தரத்தின்படி அதே கம்பியில் 5 ஜிபிபிஎஸ் வரை அனுப்பலாம். வீட்டுக்குள் இழுக்கும் 20, 30 மீட்டருக்கு 10 ஜிபிபிஎஸ்ஸும் போகும். நான் இருக்கிற வரைக்கும் அந்தக் கம்பியைத் தொட வேண்டியிருக்காது.

இதில் பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது. வைஃபை பெட்டி ஒரு சின்னக் கணினி. அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும், நிறுவனம் திருத்தம் அனுப்ப வேண்டும். 2017 அக்டோபரில், வைஃபையைப் பூட்டி வைக்கும் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-விலேயே கிராக் என்ற ஓட்டை வெளியானபோது, ஆதரவில் இருந்த கருவிகளுக்குத் திருத்தம் வந்தது. கைவிடப்பட்ட பழைய மாடல்கள் பல அப்படியே நின்றன. மெஷ்ஷில் ஒரு கம்பெனி ஒரு மாடலுக்கு ஆதரவை நிறுத்தினால் மூன்று பெட்டியையும் ஒன்றாக மாற்ற வேண்டிய நிலைமை வரும். வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகளைச் சேர்த்து ஓட்டப் பொதுத் தரம் ஒன்று இருந்தாலும், கடையில் கிடைப்பவற்றில் பல தன் கம்பெனிப் பெட்டியோடுதான் சேரும். கேபிள் இருந்தால் முனையில் இருக்கும் ஆக்சஸ் பாயின்டை மட்டும், எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், கழற்றி மாற்றிக்கொள்ளலாம். மற்றது எதுவும் அசையாது.

கரண்ட் கட் விஷயமும் இருக்கிறது. மெஷ் பெட்டி ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடத்தில் பிளக் வேண்டும், அந்தப் பிளக் இன்வர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். எங்கள் மாடியில் ஃபேனும் லைட்டும்தான் இன்வர்ட்டரில் இருக்கின்றன. பிஓஇ வசதியுள்ள ஆக்சஸ் பாயின்டுக்கு மின்சாரமும் அந்த நெட்வொர்க் கேபிளிலேயே போய்விடும். கேபிளுக்குள் மின்சாரத்தை ஏற்றும் இன்ஜெக்டரைக் கீழே ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்வர்ட்டர் பிளக்கில் செருகிவிட்டேன். கரண்ட் போனாலும் மாடி வைஃபை அணைவதில்லை.

இழுக்கும்போது கவனிக்க வேண்டியது முதலில் கம்பி. கடையில் கேட் 6 என்று அச்சடித்து, உள்ளே அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளை விற்பார்கள். சிசிஏ என்பது அதுதான். கையில் தூக்கினாலே எடை குறைவாகத் தெரியும். ஒரு இழையின் நுனியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகப் பளபளத்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியம் வளைக்கும்போது ஒடியும், பிஓஇ மின்சாரம் போனால் செம்பைவிட அதிகம் சூடாகும். 305 மீட்டர் பெட்டி வாங்கத் தேவையில்லை, மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன.

அப்புறம் பாதை. எங்கள் எலக்ட்ரீஷியன் கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே ஸ்பிரிங்கை விட்டு, “சார், இதுலயே இடம் இருக்கு, ஒரே இழுப்புல மேல போயிடும்” என்றார். “வேணாம் அண்ணே, கேபிள் டிவிக்குப் போட்ட பைப் சும்மாதான கிடக்கு, அதுல விடுங்க” என்றேன். 230 வோல்ட் வயரும் டேட்டா கேபிளும் ஒரே பைப்பில் போகக் கூடாது. இரைச்சலைவிட, எங்காவது உறை கிழிந்தால் வரும் ஆபத்துதான் பெரிது. பல வீடுகளில் அந்தப் பழைய டிவி பைப் வெறுமனே கிடக்கிறது, முதலில் அதைத் தேடுங்கள். இல்லையென்றால் சுவரை உடைக்காமல் கேசிங் பட்டி அடித்துக்கொள்ளலாம்.

முனையில் கிரிம்ப் செய்யும்போது (பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது) இரு பக்கமும் ஒரே வண்ண வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஜோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு எட்டு இழையும் வேண்டும். நீல, பழுப்பு ஜோடிகளில் ஒன்று ஒட்டாவிட்டால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதனால் எலக்ட்ரீஷியன் கிளம்பும் முன் லேப்டாப்பைச் செருகி, லிங்க் வேகம் 1000 என்று காட்டுகிறதா பாருங்கள்.

தனி ஆக்சஸ் பாயின்ட் வாங்க மனமில்லை என்றால் பரணில் கிடக்கும் பழைய ரௌட்டரே போதும், அதற்கு இன்னும் திருத்தங்கள் வருகின்றன என்றால். அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை, அதைக் கீழ் ரௌட்டர் பார்த்துக்கொள்ளும்) அணைத்து, முகவரியை 192.168.1.2 போல மாற்றி, கேபிளை வான் போர்ட்டில் (இணையம் உள்ளே வரும் துளை) செருகாமல் லேன் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளை மாட்டும் துளை) செருக வேண்டும். அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்டு தட்டாமல் பட்டன் அல்லது பின் எண்ணால் இணைக்கும் வசதி) நிறுத்திவிடுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதே இருக்கட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழே சேனல் 1 என்றால் மேலே 6 அல்லது 11.

கேபிள் முறையின் குறைகளும் உண்மையானவைதான். மாடி ஏறும்போது போன் கீழ் சிக்னலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்; கீழ்ப் பெட்டியின் ஒலிபரப்புச் சக்தியைக் கொஞ்சம் குறைத்தால் ஓரளவு சரியாகும், மெஷ் அளவுக்கு வராது. ஆக்சஸ் பாயின்டாக மாற்றிய பழைய ரௌட்டரில் விருந்தாளி நெட்வொர்க்கைப் போட்டால், பலவற்றில் அது பெயருக்குத்தான் தனி. அதிலிருந்து வீட்டுக் கணினிகள் வரை எட்டலாம். சிசிடிவி கேமராவைத் தனியாக ஒதுக்க நினைப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டு நம்ப வேண்டும். இந்த விஷயத்தில் நல்ல மெஷ் முந்திக்கொள்கிறது. வெளிச்சுவர் வழியாகக் கேபிள் போனால் வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிளே வேண்டும், அதையும் பைப்புக்குள் விட வேண்டும்; அணில் கடிக்கும். மொட்டை மாடி வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குச் செம்புக் கேபிள் இழுக்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் இரு பக்கத்துப் போர்ட்டும் போய்விடும். அங்கே ஃபைபர்தான் சரி.

செலவைப் பொறுத்தவரை, எனக்குக் கேபிள், கூலி, ஆக்சஸ் பாயின்ட் எல்லாம் சேர்ந்தே நான் பார்த்து வைத்திருந்த மெஷ் செட்டின் விலையைத் தொடவில்லை. பைப் இல்லாத வீட்டில் சுவரை உடைத்துப் பூசிப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மெஷ்தான் என் பதில். ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய இடத்தில் கேபிள் இழுக்கச் சொல்ல மாட்டேன். வாங்கும்போது ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் லேன் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சில செட்டுகளில் துணைப் பெட்டிக்கு அது இருக்காது. போர்ட் இருந்தால், பின்னால் சொந்த வீடு கட்டும்போது வயரிங் வேலையோடு அறைக்கு ஒரு கேட் 6 இழுத்து, அதே மெஷ் பெட்டிகளைக் கேபிளில் இணைத்துவிடலாம். கட்டுமான நேரத்தில் ஒரு காலி பைப்பும் கூடவே போட்டுவைக்கச் சொல்லுங்கள், பூச்சு வேலைக்கு முன்பே.