கிரேவில் பந்தயத் திடல்: பந்தயத்தையே பிழைப்பாகக் கொண்டவருக்கு எப்படி?

ஜூலை மாதத்தின் முதல் சனிக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள கிரேவில் குதிரைப் பந்தயத் திடலுக்கு வருகிறவர்களில் பலர் குதிரை பார்க்க வருவதில்லை. தொப்பியும் பட்டும் கூடாரத்து விருந்தும் பார்க்க வருகிறார்கள். அன்று ஓடும் டர்பன் ஜூலை பந்தயம் ஒரு திருவிழா, அதில் தப்பில்லை. பந்தயத்தில் பிழைக்கிறவரை அன்று கூடாரத்தில் தேடினால் கிடைக்கமாட்டார். எங்காவது ஒரு மூலையில் கம்ப்யூட்டாஃபார்ம் என்ற பந்தய விவரப் புத்தகத்தை விரித்து, அன்றைய ஓட்டங்களில் எத்தனையை விட்டுவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். எனவே திருவிழாத் திடலாக அல்ல, வேலை செய்யும் இடமாக மட்டும் கிரேவிலை இங்கே எடைபோடுவோம்.

நகரத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில், ராயல் டர்பன் கோல்ஃப் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறது பாதை. 1897ல் முதல் ஜூலை ஓடியது. காம்பனாஹோ அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஜெயித்தது. 1970 முதல் தூரம் 2200 மீட்டர். இப்போது 18 குதிரைகள், சுமை 53 முதல் 60 கிலோ வரை. மெரிட் ரேட்டிங்கில், அதாவது குதிரையின் திறமைக்குத் தரும் மதிப்பெண்ணில், ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ என்பதே கணக்கு. ஆனால் 53க்குக் கீழே இறக்க முடியாது. அதனால் அடித்தட்டில் நிற்கும் குதிரைகளில் சில, தங்கள் ரேட்டிங்குக்கு நியாயமானதைவிட அதிகமாகவே சுமக்கின்றன. எடை குறைவு என்று மட்டும் பார்த்துக் காசு கட்டுகிறவர் கோட்டை விடுவது இங்கேதான்.

புல் பாதை பேரிக்காய் வடிவம், வலக்கைச் சுற்று, சுமார் 2800 மீட்டர். கடைசி நேர்பாதை 500 மீட்டர் அளவு. டிரில் ஹால் வளைவில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கணக்கு எளிது: அரைவட்டத் திருப்பத்தில் ஒரு மீட்டர் வெளியே ஓடினால் 3.14 மீட்டர் கூடுதல். வேலியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஓடிய குதிரை ஆறு மீட்டருக்கு மேல் அதிகம் ஓடியிருக்கிறது, அதாவது ஏறக்குறைய இரண்டரைக் குதிரை நீளம். முடிவுப் பட்டியலில் அது இரண்டு நீளத்தில் தோற்றதாக இருக்கும். வீடியோவைப் பார்த்தவருக்கோ அதுதான் நல்ல ஓட்டம் என்று தெரியும். அடுத்த முறை உள்கேட் (வேலியோரத் தொடக்க வாசல்) விழுந்தால் அதன் விலையை, அதாவது ஜெயித்தால் கிடைக்கும் பண விகிதத்தை, தேடிப் போகலாம். முடிவுத் தாளை மட்டும் படிக்கிறவருக்கும் ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் காசு இதில்தான் இருக்கிறது.

2014ல் வந்த பாலிட்ராக்கைப் பலரும் மதிப்பதில்லை. மெழுகு பூசிய மணலும் நாரும் ரப்பரும் கலந்த செயற்கைத் தளம். மழை பெய்தாலும் ஓட்டம் நிற்பது குறைவு. பின்னால் ஓடும் குதிரை முகத்தில் அள்ளி வீசும் துகளைத் தாங்காமல் தலையைத் தூக்கிவிடுவதும் உண்டு. புல்லில் ஜெயித்த குதிரை இதில் சோர்வதும், புல்லில் பெயர் இல்லாதது இதில் சிங்கமாவதும் சாதாரணம். விளக்கொளியில் நடக்கும் இரவுக் கூட்டங்களில் அதே தரக் குதிரைகள் திரும்பத் திரும்பச் சந்திக்கின்றன. பத்திரிகைக்காரர் கவனம் குறைவு. பந்தயக் காசு வாங்கும் புக்கிக்கும் கவனம் குறைவு. பிழைப்பு பார்க்கிறவருக்கு ஜூலையைவிட இந்த இரவுகள் பத்து மடங்கு மேல். கண்பட்டை முதல் முறை மாட்டியது, நாக்குக் கட்டு, காயடித்தது, ஜாக்கி மாற்றம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு குதிரைக்கும் குறித்து வைப்பது கட்டாயம்.

விலைக்கு வருவோம். இங்கே 33/10, 28/10 என்று பத்தின் மேல் எழுதுவது வழக்கம்; 33/10 என்றால் பத்து கட்டினால் 33 லாபம். ஆறு குதிரை ஓட்டத்தில் 2/1, 3/1, 4/1, 5/1, 8/1, 10/1 என்று பலகையில் இருந்தால், அவற்றைச் சதவீதமாக்கிக் (2/1 என்றால் மூன்றில் ஒன்று) கூட்டிப் பாருங்கள்: 33.3, 25, 20, 16.7, 11.1, 9.1. மொத்தம் 115க்கு மேல். நூற்றுக்கு மேல் உள்ள அந்தப் பதினைந்துதான் புக்கியின் கூலி. இது போதாதென்று, புக்கியிடம் ஜெயித்த குதிரைப் பந்தய லாபத்தில் 6 சதவீதம் பிடித்தமாகப் போகிறது. 100 ராண்டை 4/1ல் கட்டி ஜெயித்தால் கையில் 500 வராது, 476தான் வரும். இதன் பொருள், அந்தக் குதிரைக்கு 20 சதவீத வாய்ப்பு இருந்தால் சமன் அல்ல, 21 வேண்டும். ஒரு சதவீதம்தானே என்று நினைப்பவர் வருடக் கடைசியில் கணக்கைப் பார்த்தால் புரியும். எல்லார் காசையும் ஒரே குளத்தில் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் டோட்டில் இந்தப் பிடித்தம் கண்ணில் படாது. குளத்திலிருந்து முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

டோட்டின் கூட்டுப் பந்தயங்களில் ஆசைதான் பெரிய எதிரி. ஸ்விங்கர் என்றால் முதல் மூவரில் இருவர். முதல் நால்வரை வரிசைப்படி சொல்லும் குவார்டெட்டில் ஐந்து குதிரையைப் பெட்டி போட்டால் (எந்த வரிசையில் வந்தாலும் சரி என்று எடுத்தால்) 120 சேர்க்கை, ஆறு போட்டால் 360. ஒரு குதிரை கூடியதற்கு விலை மூன்று மடங்கு. ஆறு ஓட்டங்களில் ஜெயிப்பவற்றைச் சொல்லும் பிக் 6ல் ஓட்டத்துக்கு 2×3×4×1×5×3 குதிரைகள் என்று எடுத்தால் 360 சேர்க்கை. சேர்க்கைக்கு ஒரு ராண்ட் என்றால் 360 ராண்ட். 90 ராண்ட் மட்டும் கட்டிக் கால் பங்கு எடுக்கலாம், பரிசிலும் கால் பங்கே. இதில் எல்லா ஓட்டத்திலும் மூன்று மூன்று என்று பரப்புவது புதுசுகளின் பழக்கம். நிச்சயமான ஒன்றைப் பேங்கராக (அந்த ஓட்டத்துக்கு அது மட்டும்) பிடித்து, குழப்பமான ஓட்டத்தில் அகலப் போவதுதான் முறை. எடுத்த குதிரை விலகினால் அந்த இடத்தில் டோட் ஃபேவரிட், அதாவது டோட்டில் அதிகக் காசு விழுந்த குதிரை, வந்து உட்காரும், அதையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஜூலைக்கு மாதக்கணக்கில் முன்பே விலை வாங்குவது இனிக்கும், ஆனால் குதிரை ஓடாவிட்டால் காசு திரும்பாது. 1966ல் ஃபேவரிட்டாக இருந்த சீ காட்டேஜை ஜூனில் ஒருவன் சுட்டான். தோட்டாவோடு ஓடி நான்காவதாக வந்தது; 1967ல் ஜாலிஃபையோடு சமமாகக் கோட்டைத் தொட்டது. இன்று துப்பாக்கி வேண்டாம், கால் வீங்கினாலே போதும்.

பணம் எவ்வளவு போடுவது? 1956ல் ஜான் கெல்லி எழுதிய சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். 4/1 குதிரைக்கு 25 சதவீத வாய்ப்பு என்று உங்கள் கணிப்பு. பிடித்தம் இல்லாவிட்டால் கையிலுள்ள மூலதனத்தில் 6.25 சதவீதம் போடச் சொல்லும். 6 சதவீதப் பிடித்தத்தோடு கணக்கிட்டால் 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கணிப்பு தவறலாம் என்பதால் அதில் பாதி, 2.5 போதும். நாலுக்கு ஒன்று ஜெயிக்கும் கெட்டிக்காரருக்கும் 500 பந்தயங்களில் 16, 17 தோல்விகள் வரிசையாக வருவது இயல்பு. இதைத் தெரியாதவர் பன்னிரண்டாவது தோல்வியில் தொகையை இரட்டிப்பாக்குவார், ஆடிக் கூழுக்கு எடுத்துவைத்த காசும் போகும்.

புக்கிகளின் வாடிக்கையாளர் சேவை பற்றிப் புகழ ஒன்றுமில்லை. கணக்கு தொடங்க அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் வேண்டும், அது பணமோசடியைத் தடுக்கும் ஃபிகா சட்டம். தோற்றுக்கொண்டிருக்கும்வரை ராஜ மரியாதை. விலை இறங்குவதற்கு முன்பே தொடர்ந்து வாங்குகிறவரின் கணக்கில் பல இடங்களில் உச்சவரம்பு விழும். 2,000 ராண்ட் கட்டக் கேட்டால் 150க்கு மட்டுமே விடுவார்கள். அதனால்தான் தொழில்காரர்கள் பல கணக்குகள் வைத்து, திடலிலும் காசாகக் கட்டுகிறார்கள். வருமான வரித்துறையான சார்ஸ் விஷயமும் உண்டு: பொழுதுபோக்காக ஜெயித்ததை வருமானமாகப் பார்ப்பதில்லை, தொழிலாக நடத்தினால் பார்க்கலாம். தேதி, ஓட்டம், வாங்கிய விலை, மூடிய விலை (ஓட்டம் தொடங்கும்போது இருந்த விலை), தொகை, முடிவு என்று ஆறு பத்திகளில் நோட்டு எழுதாதவர் வரிக்கும் பதில் சொல்ல முடியாது, தனக்கும் சொல்ல முடியாது. வாங்கிய விலை மூடிய விலையைவிடத் தொடர்ந்து உயர்வாக இருந்தால், தோற்றுக்கொண்டிருந்தாலும் வழி சரி.

ஜூலை அன்று வரிசை நீளம், ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கில் குதிரையைக் கிட்டப் பார்க்க முடியாது, விலைகளும் ஊர் மொத்தக் காசால் கோணிப்போயிருக்கும். ஃபேவரிட்டுகள்மேல் பெயருக்காகவே காசு குவிவதால் நடுத்தர விலைகளில் சில நேரம் பழம் கிடைக்கும். சாதாரண நாளில் பேடாக் காலி. வியர்வை, நடை, வால் ஆட்டம் எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். பசித்தால் வெளியே போய்க் கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பிய ‘பன்னி சௌ’ வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவது வயிற்றுக்கும் முதலுக்கும் நல்லது.

ஒரே ஓர் எச்சரிக்கை: தோற்ற சீட்டை உடனே கிழிக்காதீர்கள். ஜாக்கி ஆட்சேபனை எழுப்பி இரண்டாவது முதலாகும் நாள்களில், தரையில் குனிந்து சீட்டுத் தேடும் கூட்டத்தைப் பார்க்கலாம். அதிகாரபூர்வ முடிவு அறிவிக்கும் வரை பையிலேயே இருக்கட்டும்.