ஒட்டு அடீனியம் வாங்கும் முன் தண்டைப் பாருங்கள்: பூப்படத்தை நம்பிப் பணம் போன கதை

கருஞ்சிவப்பில் மூன்றடுக்கு இதழ் ஒன்று, மஞ்சள் ஒன்று, ஒரே செடியில் நான்கு நிறம் ஒன்று. இப்படி மூன்று ஒட்டு அடீனியம் (பாலைவன ரோஜா) செடிகளுக்கு முழுப் பணமும் முன்கூட்டியே கட்டப்பட்டது. ஐந்து மாதம் கழித்து மிஞ்சியது ஒரே ஒரு செடி. அதுவும் ஐந்து இதழ் இளஞ்சிவப்புப் பூ பூக்கிற சாதாரண விதைக்கன்று. மஞ்சள் மூன்றாவது வாரத்தில் ஒட்டோடு காய்ந்து விழுந்தது. நான்கு நிறச் செடி அடியிலிருந்து அழுகிப் போனது. விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில் இரண்டே வரி: "தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள். குறை இருந்தால் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும்."

இரண்டாவது வரி மட்டும் உண்மை. மூன்று செடிகளின் குறையும் பெட்டியைத் திறந்த அன்றே கண்ணுக்குத் தெரியக்கூடியவை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாததால்தான் ஏமாற முடிந்தது.

அடீனியத்தில் ஒட்டு ஏன் தேவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அடுக்கு இதழ், மஞ்சள், அடர் நிறம் போன்ற ரகங்களின் விதையைப் போட்டால் தாய்ச்செடியின் பூ அப்படியே வராது. குச்சியை வெட்டி நட்டால் பூ மாறாது. ஆனால் விதைக்கன்றுக்கு வருகிற பருத்த அடித்தண்டு அதற்குச் சரியாக அமைவதில்லை. அதனால் விதையில் வளர்ந்த வேர்ச்செடியின் பருத்த அடித்தண்டின் மேல், வேண்டிய ரகத்தின் குச்சியை ஒட்டுகிறார்கள். ஆகவே "மூன்றடுக்கு" என்று பெயர் போட்டு விற்கப்படும் செடியில் ஒட்டுத் தழும்பும் இல்லை, அது குச்சியிலிருந்து வந்ததாகவும் தெரியவில்லை என்றால், அது விதைக்கன்று. என்ன பூ வரும் என்று விற்பவருக்கே தெரியாது.

தழும்பை அடையாளம் காண்பது கடினமில்லை. தண்டில் ஓர் இடத்தில் V வடிவத்திலோ, நேர் கோடாகவோ தண்டைச் சுற்றி ஓடும் இணைப்புக் கோடு இருக்கும். அதற்குக் கீழும் மேலும் பட்டையின் நிறமோ பருமனோ சற்று வேறுபடும். இலையின் அகலமும் பளபளப்பும்கூட மாறலாம். கருஞ்சிவப்பு என்று வந்த செடியில் இருந்தது வேறு: நுனி கிள்ளிய இடத்தில் வட்டமான காய்ந்த வெட்டுமுனை, அதன் பக்கவாட்டில் கிளம்பிய இரண்டு கிளைகள். அது கவாத்துத் தழும்பு, அதாவது கிளையை வெட்டிவிட்ட தடம். கிள்ளினால் கிளை வரும் என்பதைத் தவிர அது எதையும் காட்டாது. படத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டுப் போலத் தோன்றும் என்பதுதான் இதில் உள்ள தந்திரம்.

பல நிறச் செடியில் கிளைகளை எண்ணாதீர்கள், இணைப்புகளை எண்ணுங்கள். நான்கு நிறம் என்றால் நான்கு கிளையிலும் தனித்தனியே இணைப்புக் கோடு இருக்க வேண்டும். வந்த செடியில் இரண்டு கிளைகளில்தான் இருந்தது. மற்ற இரண்டும் வேர்ச்செடியின் சொந்தக் கிளைகள். இது வெறும் எண்ணிக்கைக் குறை இல்லை. வேர்ச்செடிக் கிளை பெரும்பாலும் வேகமாக வளர்ந்து சத்தை இழுத்துக்கொள்ளும், ஒட்டு நோஞ்சானாகி நிற்கும். நான்கும் உண்மையான ஒட்டாகவே இருந்தாலும் வீரியமான ரகம் மற்றவற்றை அமுக்கும். அதை மட்டும் அவ்வப்போது வெட்டிக் கட்டுக்குள் வைக்க வேண்டும். முதல் அடீனியம் வாங்குகிறவர்கள் ஒற்றை நிற ஒட்டோடு தொடங்குவதே நல்லது.

மஞ்சள் செடியின் ஏமாற்று இன்னும் நுட்பமானது. ஒட்டுப் போட்டு இரண்டு வாரம்கூட ஆகாத செடி அது. இணைப்பைக் கட்டிய நாடா சுற்றியபடியே, இரண்டு சிறு இலையோடு வந்தது. இலை வந்துவிட்டதே, ஒட்டு பிடித்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அடீனியக் குச்சி தண்டிலேயே நீரைச் சேர்த்து வைத்திருக்கும். இணைப்பு கூடாவிட்டாலும் அந்த இருப்பை வைத்து ஓரிரு இலை விடும், பிறகு சுருங்கும். நாடா எடுக்கப்பட்டு, ஒட்டுக்கு மேல் குறைந்தது 5 செ.மீ. புது வளர்ச்சி இருக்கிற செடியை மட்டும் வாங்குங்கள். இணைப்பைத் துணியாலோ மெழுகாலோ மூடி அனுப்பினால் காரணம் கேளுங்கள்.

பூவின் நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீல அடீனியம் கிடையாது. நீலம், வானவில் நிறம் என்று வரும் படங்கள் எல்லாம் நிறம் மாற்றப்பட்டவை. விதையானாலும் செடியானாலும் அந்தப் பெயரில் வாங்காதீர்கள். "கறுப்பு" என்பது மிக அடர்ந்த சிவப்பு. வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப அதன் அடர்த்தி மாறும். மஞ்சள் பூ நாளாக ஆக வெளிறும். அது ஏமாற்று இல்லை, அதன் இயல்பு. மூன்றடுக்கு மொட்டுகள் தொடர்மழையில் முழுதாக விரியாமல் அழுகலாம். பூவோடு இருக்கும் செடியை வாங்குவதே பாதுகாப்பு. அப்போதும் பூ எங்கிருந்து கிளம்புகிறது, இணைப்புக்கு மேலிருந்தா கீழிருந்தா என்று பாருங்கள்.

இனி அழுகல். பெட்டியைத் திறக்கும்போதே இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். அடித்தண்டைச் சுற்றி இரண்டு விரல் ஆழத்துக்கு மண்ணை விலக்கி, கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்துங்கள். முழுவதும் ஒரே மாதிரி லேசாகத் தளர்ந்து சுருங்கியிருந்தால் அது தாகம், தேறிவிடும். ஓரிடம் மட்டும் கொழகொழவென்று அமுங்கி, நிறம் கறுத்து, நாற்றம் வந்தால் அழுகல். இலை உதிர்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இருட்டுப் பெட்டியில் பல நாள் பயணித்த நல்ல செடியும் இலை உதிர்க்கும். நான்கு நிறச் செடியின் அழுகல் களிமண் கட்டிக்குள் மறைந்திருந்தது. மேல் மண்ணை விலக்கியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அழுகல் சிறிதாக இருந்தால் காப்பாற்றலாம். ஸ்பிரிட்டால் துடைத்த கூரிய கத்தியால், சுத்தமான வெள்ளைத் திசு தெரியும்வரை வெட்டி எடுங்கள். பழுப்புப் புள்ளி ஒன்று மிஞ்சினாலும் மறுபடி பரவும். வெட்டுவாயில் பூஞ்சைக்கொல்லித் தூள் தடவி, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை மண்ணில்லாமல் காயவிடுங்கள்.

நல்ல செடி வந்தாலும் அதே களிமண்ணில் விடக் கூடாது. மண்ணை உதிர்த்து, அறுந்த வேர்களை வெட்டி, நான்கைந்து நாள் நிழலில் உலர்த்துங்கள். புதிய கலவை இது: இரண்டு பங்கு பருமனான மணலோ, 3 முதல் 6 மி.மீ. கல் துகளோ, பெர்லைட்டோ (லேசான வெள்ளைத் துகள்). ஒரு பங்கு தேங்காய் மட்டைத் துண்டும் மட்கிய உரமும். தண்ணீர் ஊற்றினால் சில நொடியில் அடித்துளை வழியே ஓட வேண்டும், அதுவே கலவைக்கான சோதனை. ஈரமில்லாத கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் தண்ணீர். காயம் ஆறாத வேரில் அன்றே ஊற்றுவதால்தான் பல செடிகள் போகின்றன. அந்த விஷயத்தில் விற்பவர் சொல்வது சில நேரம் சரியாகவும் இருக்கும், அதனால் அந்தச் சாக்குக்கு இடம் கொடுக்காதீர்கள். புது வேர் பிடிக்கும்வரை, ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு, உரம் வேண்டாம். நிழலிலிருந்து படிப்படியாக நகர்த்தி, நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். பிறகு மேல்மண் இரண்டு விரல் ஆழம் காய்ந்த பின்தான் தண்ணீர். ஊற்றினால் துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். குளிரில் இலை கொட்டி உறங்கும் செடிக்குத் தண்ணீரைப் பெரும்பாலும் நிறுத்திவிட வேண்டும்.

பார்சலோடு வந்த பராமரிப்புச் சீட்டு தனிக் கேடு. "தினமும் தண்ணீர்" என்பது ஒன்று. "ஆண்டுக்கு ஒரு முறை தண்டைப் பாதியாக வெட்டவும்" என்பது இன்னொன்று. ஒட்டு இணைப்புக்குக் கீழே வெட்டினால் வாங்கிய ரகம் குப்பைக்குப் போய்விடும், மிஞ்சுவது வேர்ச்செடி. கவாத்து எப்போதும் இணைப்புக்கு மேல் 5 செ.மீ. ஆவது விட்டுத்தான். முதல் வேலையாக இணைப்பு இருக்கும் இடத்தைப் பெயின்ட் பொட்டால் குறித்துவிடுங்கள். பட்டை முதிர முதிர அந்தக் கோடு மங்கிவிடும். பொட்டுக்குக் கீழே முளைக்கும் துளிரை விரல் நீளம் ஆவதற்குள் அடியோடு கிள்ளி எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடீனியத்தின் பால் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியது இதைத்தான். வெட்டிய துண்டுகள் குழந்தைகளுக்கோ வளர்ப்பு விலங்குகளுக்கோ எட்டும் இடத்தில் கிடக்கக் கூடாது.