ட்ரோனா, பற்றரியா, செய்மதி இன்டர்நெட்டா: எங்கள் பக்கம் எது பரவும்?

கையில் கொஞ்சம் காசு சேர்த்த பொடியன்கள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது மூன்று பொருட்களைப் பற்றி விசாரிக்கிறார்கள்: வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன், கூரைச் சோலாரோடு சேர்க்கும் லித்தியம் பற்றரி, செய்மதி இன்டர்நெட். மூன்றுமே தரமானவைதான். ஆனால் தரமான பொருளெல்லாம் ஊருக்குள் பரவிவிடுவதில்லை. வாங்காமலே அதைப் பயன்படுத்த வழி இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அறுவடை மெசின் வந்த விதத்தைப் பாருங்கள். சம்மாந்துறையிலோ வெல்லாவெளியிலோ இரண்டு ஏக்கர் வேளாண்மை செய்கிறவர் மெசின் வாங்கவில்லை. வசதியுள்ள ஒருவர் வாங்கினார். மற்றவர்கள் ஏக்கர்க் கணக்கில் கூலி கொடுத்து வெட்டுவித்தார்கள். ட்ரோனுக்கும் அதே வழி திறந்தே இருக்கிறது. 16 லீற்றர் தாங்கியை முதுகில் சுமந்து சேற்றுக்குள் நடந்து அடிக்கும் ஏக்கரை ட்ரோன் சில நிமிடங்களில் முடித்துவிடும். கூலியாள் கிடைக்காத போகத்தில் விவசாயிக்கு இது ஒன்றே போதும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு: மருந்தில் நனைந்த சட்டையோடு நாள் முழுக்க வயலில் நிற்கும் மனிதன் அந்த நஞ்சிலிருந்து தப்புகிறான். அவனுடைய கூலியும் போகிறதே என்றால், ஆம், போகிறது. அதனால்தான் ட்ரோன் ஓட்டும் பயிற்சியைக் கமக்காரர் அமைப்புகள் முதலில் இந்த மருந்தடிக்கும் கூலியாட்களுக்கே கொடுக்க வேண்டும் என்கிறேன்.

விற்பவர் சொல்லும் வருமானக் கணக்கை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். ஒரு பற்றரி பத்து, பதினைந்து நிமிடம்தான் பறக்கும். அதனால் நாலைந்து பற்றரியும், வரம்பிலேயே சார்ஜ் ஏற்ற ஒரு ஜெனரேட்டரும் வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் எடுக்க வேண்டும். சிறுபோகத்தில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மருந்து பக்கத்து வயலுக்கும் கிணற்றுக்கும் பறக்கும். காற்று அடங்கிய காலை நேரத்தை மட்டும் வேலை நேரமாக வைத்துக் கணக்குப் போடுங்கள். அதிலும் லாபம் தெரிந்தால் தாராளமாக இறங்கலாம்.

செய்மதி இன்டர்நெட் விஷயத்தில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் என்பதால் வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன் சிக்னல் பிடிக்கும் வீட்டில் பல மடங்கு மாதக் கட்டணம் யார் கட்டுவார்கள்? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சிக்னல் எட்டாத படுவான்கரை மூலைகளுக்கு இது உதவும். 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட கிழக்குக் கரை இது. போன் கோபுரம் விழுந்தாலும் தொடர்பு அறாமலிருக்க, ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒன்று இருக்கத்தான் வேண்டும். வீட்டுக்கு வீடு வராது.

பற்றரியின் கதை வேறு. 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை கரண்ட் போனபோது, கூரையில் சோலார் இருந்த வீடுகளும் இருட்டில்தான் கிடந்தன. லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று, கரண்ட் நின்றதும் மின்சார லைனோடு இணைத்த சோலாரும் தானாக நின்றுவிடும். பற்றரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால்தான் மின்விசிறி சுற்றும். விலையும் இறங்கிவிட்டது: 2010இல் ஒரு கிலோவாட் மணிக்கு ஆயிரம் டொலருக்கு மேல் இருந்த லித்தியம் பற்றரித் தொகுதி, 2024இல் உலகச் சராசரியில் 115 டொலர். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, கூரைச் சோலாரை நிறுத்துங்கள் என்று மின்சார சபையே கேட்டது. பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேமிக்கும் தேவை நாட்டுக்கே வந்துவிட்டது.

ஆனாலும் இது ஒவ்வொரு வீடும் தன் காசில் வாங்க வேண்டிய பொருள், ஏக்கர்க் கணக்கில் வாடகைக்கு எடுக்க முடியாது. அதனால் இன்றைக்கு ட்ரோனுக்குப் பின்னால்தான் வைக்கிறேன். மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரையான உச்ச நேரத்தில் வீட்டுப் பற்றரி கொடுக்கும் மின்சாரத்துக்கு நல்ல விலையும், வாங்குவதற்கு வட்டி குறைந்த கடனும் சேர்ந்து கிடைத்தால், இந்த வரிசையைத் திருப்பிப் போடத் தயங்க மாட்டேன்.